வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல், குறைந்த செலவில் டிசைன் சுவர் அமைப்பது எப்படி?

மொட்டைமாடித் தையல் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட் ஒன்றுக்காக, விடுமுறை நாட்களில் மட்டும் அமர்ந்து தைத்த லாக் கேபின் பிளாக்குகள் (நடுச்சதுரத்தைச் சுற்றித் துணிப் பட்டைகளை இணைத்துத் தைத்த சதுரங்கள்) 48 என்னிடம் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் தையல் விளிம்போடு சேர்த்து ஒன்பதரை அங்குலச் சதுரம். ஒரு பாதி வெளிர்நிறத் துணியும் மறுபாதி அடர்நிறத் துணியுமாக மூலைவிட்டத்தில் பிரிந்திருப்பதால், ஒரே பிளாக்கை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். திருப்புவதைப் பொறுத்து, நடுவிலிருந்து சாய்சதுரங்களாக விரியும் பார்ன் ரெய்சிங் அமைப்போ, உழுத வயலின் சால்களைப் போலச் சாய்கோடுகளாக ஓடும் ஸ்ட்ரெயிட் ஃபர்ரோ அமைப்போ கிடைக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தாக வேண்டும். என் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கட்டிலில் பரப்பினால் இரவு படுப்பதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருக்கிறது. தரையில் பரப்பினால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இந்த மே மாதத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தாலும், காலடியில் உள்ள வரிசை பெரிதாகவும் தொலைவில் உள்ள வரிசை சிறிதாகவும் தெரிவதால், அமைப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

நான் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளர் முன்பணம் வாங்கும்போதே சொன்ன நிபந்தனை. ஒட்டும் கொக்கிகளை வாங்கிப் பார்த்தேன்; சுவரில் டிஸ்டெம்பர் பூசியிருப்பதால் கொக்கி சுண்ணத்தூளையும் உரித்துக்கொண்டு மறுநாளே விழுந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குள், சுவரைத் தொடாமல், டிசைன் சுவர் ஒன்றை, அதாவது தைப்பதற்கு முன் பிளாக்குகளை நிமிர்த்தி ஒட்டிப் பார்க்கும் பரப்பு ஒன்றைச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்காலப் போர்வை (ஸ்காபரோ)

வணக்கம் தங்கச்சி. நாங்களும் வாடகைத் தொடர்மாடியில்தான் இருக்கிறோம், ஆகவே உங்கள் வீட்டுக்காரரின் நிபந்தனை எனக்குப் புதிதல்ல. இங்கே தைப்பவர்கள் பெரும்பாலும் செய்வது, நிலவறைச் சுவர்களுக்குக் குளிர் தாங்குவதற்காக விற்கப்படும் இளஞ்சிவப்பு நுரைப்பலகையை வாங்குவதுதான். கனடாவில் அது இரண்டடிக்கு எட்டடி அளவில் கிடைக்கிறது. மூன்று பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே பருத்திப் பேட்டிங்கையோ (குயில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) ரோமம் எழும்பிய பழைய பிளனல் படுக்கை விரிப்பையோ இழுத்துக் கட்டிச் சுவரில் சாய்த்துவிட்டால் ஆறடி அகலச் சுவர் ஆயிற்று. நுரைப்பலகையில் ஊசி நன்றாக இறங்கும் என்பது அதன் பெரிய வசதி.

அதற்கும் முன்னர், நான் தைக்கப் பழகிய காலத்தில், பின்பக்கம் பிளனல் ஒட்டிய பிளாஸ்ரிக் மேசைவிரிப்பு ஒன்றை மலிவு விலைக் கடையில் வாங்கி, பிளனல் பக்கம் வெளியே தெரியும்படி திரைச்சீலைத் தடியில் தொங்கவிட்டிருந்தேன். அதுதான் நான் அறிந்தவற்றுள் ஆகக் குறைந்த செலவு. இந்தியாவிலும் சாப்பாட்டு மேசைக்கு அதே விரிப்பை மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள் அல்லவா? ஒன்று மட்டும் எச்சரிக்கை: மடிப்புச் சுருக்கம் போக வேண்டும் என்று அதன் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிடாதீர்கள், பிளாஸ்ரிக் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் சுருக்கம் தானே தளர்ந்துவிடும்.

பழைய கத்தரிக்கோல் (திருப்பூர்)

நான் குயில்ட் தைப்பவன் அல்லன். தைப்பவர் என் மனைவி. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் துணியைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

பிளாக் ஊசியில்லாமல் ஒட்டி நிற்பதற்குக் காரணம் பசையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. ஃபிளானலின் மேற்பரப்பில் இழைகளின் நுனிகளை முள் உருளைகளால் கிளப்பி விட்டிருப்பார்கள். இதை நாங்கள் ரெய்சிங் என்போம். கிளம்பி நிற்கும் அந்த நுனிகள் உங்கள் பருத்தித் துண்டின் பின்புறத்திலும், வெட்டு விளிம்பில் பிரிந்திருக்கும் நூலிலும் சிக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே துணியின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை, ரோமத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது தைத்து முடித்த பிளாக் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரைத் துணியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பிளாக்கை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். துணியை மெல்ல ஆட்டியும் பிளாக் விழாமல் நின்றால் அதை வாங்கலாம். வெறும் துணித் துண்டை வைத்துச் சோதித்து ஏமாற வேண்டாம். லாக் கேபினில் துண்டுகள் அதிகம். ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இரண்டு மடங்கு விளிம்பு இருப்பதால் அதன் எடை தனித்துணியைப் போல இருக்காது.

எங்கள் ஊரில் காதர்பேட்டையில், ஸ்வெட்ஷர்ட்டுக்கு ஓட்டிய ஃபிளீஸ் துணியின் மிச்சத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். உட்புறம் ரெய்சிங் செய்த அந்தத் துணி ஃபிளானலை விடவும் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் அது பின்னல் துணி. தொங்கவிட்டால் தன் எடையிலேயே இழுபட்டுக் கீழே தொய்யும், அதோடு நேராக வைத்த உங்கள் வரிசைகளும் வளையும். பலகையில் இழுத்து அடிப்பதாக இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள், தொங்கவிட வேண்டாம்.

இரட்டை நூல் (பெங்களூரு)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. 48 பிளாக்குகளையும் தனித்தனியே படம் எடுத்து, கைப்பேசிச் செயலியில் போட்டால், உட்கார்ந்த இடத்திலேயே நூறு விதமாகத் திருப்பிப் பார்க்கலாம். நம் பாட்டிமார்கள் பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தபோது எந்தச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள்?

பனிக்காலப் போர்வை (ஸ்காபரோ)

நல்ல கேள்விதான், கோபிக்க ஒன்றும் இல்லை. பாட்டிமாரின் தையல் வேறு. அது முழுப் புடவையை அடுக்கித் தைப்பது. பிளாக்கைத் திருப்பி வைப்பதால் உருவம் மாறுகிற சிக்கல் அதில் கிடையாது. அமெரிக்கப் பெண்களும் பல தலைமுறைகளாகக் கட்டிலிலும் தரையிலும் பரப்பித்தான் பார்த்திருக்கிறார்கள், அதில் அருமையான குயில்ட்டுகளும் வந்திருக்கின்றன. ஆனால் 1971-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில், ஜொனதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் சேகரித்த பழைய குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். கட்டில் மேல் கிடக்கும்போது போர்வையாகத் தெரிந்தது, நிமிர்த்தி மாட்டி எட்டி நின்று பார்த்தபோது நிறமும் வடிவமுமாகத் தெரிந்தது. தைத்து முடித்த பிறகு கிடைக்கும் அந்தப் பார்வை தைப்பதற்கு முன்னரே கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தச் சுவர்.

செயலியை நானும் பயன்படுத்துகிறேன். அமைப்பைத் தேர்ந்தெடுக்க அது உதவும். ஆனால் 48 படங்களும் ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வெளிர்மஞ்சள் ஒரு பிளாக்கில் வெள்ளையாகவும் இன்னொன்றில் பழுப்பாகவும் வந்து நிற்கும். உள்ளங்கையளவு திரையில் எல்லாமே அழகாகத் தெரிவதும் ஒரு ஏமாற்றம்தான்.

இரட்டை நூல் (பெங்களூரு)

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது சரி. என் சென்ற குயில்ட்டில் அந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. துணி மங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். தொடருங்கள், நானும் கவனிக்கிறேன்.

மொட்டைமாடித் தையல் (சென்னை)

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்ன மேசைவிரிப்பையே முதலில் முயன்றேன். படுக்கையறையில் ஏழடி உயரத்தில் பரண் இருக்கிறது. விரிப்பின் மேல் ஓரத்தை ஒரு ரீப்பர் கட்டையில் சுற்றி, கட்டையைப் பரணின் மேல் வைத்து, அதன்மேல் இரண்டு சூட்கேஸ்களைப் பாரமாக ஏற்றிவிட்டேன். ஆணியே இல்லாமல் விரிப்பு அழகாகத் தொங்கியது. பெருமையாகத்தான் இருந்தது.

பிளாக் ஒட்டத் தொடங்கியதும் பெருமை போய்விட்டது. பரணுக்குக் கீழே இருப்பது அலமாரிக் குழி. விரிப்புக்குப் பின்னால் சுவர் கிடையாது, வெறும் இடைவெளிதான். கையால் அழுத்தினால் விரிப்பு உள்ளே போகிறதே தவிர, பிளாக் ஒட்டுவதில்லை. ஒருவாறு பன்னிரண்டை ஒட்டி முடித்து மின்விசிறியைப் போட்டேன்; விரிப்பு பாய்மரம் போல உப்பி, பன்னிரண்டில் ஒன்பது கீழே வந்துவிட்டன. பிளாஸ்டிக்கின் பின்னால் ஒட்டியிருக்கும் ஃபிளானல் மிக மெல்லியதாக இருப்பதையும் குறிப்பிட வேண்டும். என் அக்காள் மகள் தைத்த ஐந்தங்குல நான்குதுண்டு பிளாக்குகள் அதில் நன்றாக ஒட்டி நின்றன, என் லாக் கேபின்கள்தான் நிற்கவில்லை.

ஆகவே பின்னால் பலகை கட்டாயம் தேவை என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் சொல்லும் இளஞ்சிவப்புப் பலகை நான் விசாரித்த கடைகளில் இல்லை. தெர்மாக்கோல் போதுமா?

கொலுப்படி (மதுரை)

தெர்மாக்கோல் தாராளமாகப் போதும், ஆனால் நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். துணியை ஒட்டுவதற்காகச் செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடுகிற மஞ்சள் நிற ரப்பர் பசையைத் தாராளமாகத் தடவினேன். ஐந்து நிமிடத்தில் பலகை அம்மைத்தழும்பு போலக் குழி குழியாகக் கரைந்து போயிற்று. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்றுவிடும். தெளிக்கும் பசைகள் பலவற்றிலும் அதே கதைதான். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை ஒன்றும் செய்யாது, ஆனால் உலர ஓர் இரவு முழுக்க விட வேண்டும். கொலுவுக்குக் கோபுரம் செய்து பழகியவள் நான். எனக்கே இது தெரியாமல் போனதற்கு என் பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

கணக்கு இதோ. கடையில் கிடைக்கும் தெர்மாக்கோல் தாள் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர். உங்கள் 48 பிளாக்குகளை ஆறு பத்தி, எட்டு வரிசையாக வைத்தால், தைப்பதற்கு முன் 57 அங்குல அகலமும் 76 அங்குல உயரமும் பிடிக்கும். தைத்து முடித்த பின் குயில்ட் 54-க்கு 72 அங்குலம்தான் என்றாலும், தையல் விளிம்பு ஒன்றும் உள்ளே மடங்காத நிலையில் சுவரில் நிற்பதால், சுவரைத் தைத்து முடித்த குயில்ட்டின் அளவுக்குச் செய்தவர்கள் கடைசி வரிசைக்கு இடமில்லாமல் திண்டாடுவார்கள். அகலவாட்டில் மூன்று, உயரவாட்டில் இரண்டு என ஆறு தாள்களை வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது 59-க்கு 78 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். உங்களுக்கென்றே அளந்தது போல இருக்கிறது.

பன்னிரண்டு மில்லிமீட்டர் தாள் வேண்டாம், ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பதினெட்டு மில்லிமீட்டர் வாங்குங்கள். தெர்மாக்கோல் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், விளக்கேற்றும் இடத்துக்கும் இஸ்திரி மேசைக்கும் அருகில் வைக்காதீர்கள்.

பழைய கத்தரிக்கோல் (திருப்பூர்)

அம்மா சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆறு தாள்களைப் பசையால் மட்டும் இணைத்து நிறுத்தினால் நடுவில் ஒடியும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும்.

புதிதாக ரீப்பர் வாங்கித் தச்சரைக் கூப்பிட்டால் உங்கள் ஆயிரம் ரூபாய் அங்கேயே தீர்ந்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்குப் போய்ப் பழைய சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். காதணி விழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் முடிந்து, துணி கிழிக்கப்பட்ட மரச்சட்டங்கள் கடைக்குப் பின்னால் மழையில் கிடக்கும். ஐந்தடிக்கு ஏழடி வழக்கமான அளவுகளில் ஒன்று. துருப்பிடித்த ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிவிட்டு எடுங்கள்.

எடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். சட்டத்தைச் சமதரையில் படுக்க வைத்து, நான்கு மூலைகளும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் மரம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதை எவராலும் நிமிர்த்த முடியாது. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். 60-க்கு 84 அங்குலச் சட்டம் என்றால் இரண்டும் 103 அங்குலத்தைச் சற்றுத் தாண்டி ஒரே அளவாக வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணலாக இருக்கிறது. இதை மட்டும் நீளமான மூலைவிட்டத்தின் மூலையை அழுத்திச் சரிசெய்து, மூலைகளில் முக்கோண ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடித்துவிடலாம். நடுவில் குறுக்குக் கட்டை இல்லாத சட்டத்தை எடுக்கவே வேண்டாம், துணியை இழுத்து அடிக்கும்போது இரு பக்கமும் உள்வாங்கும்.

துணி அடிக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக அடித்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று, பிறகு அதன் இருபுறமும் ஒவ்வொன்று என்று மூலையை நோக்கிப் போனால்தான் இழுப்பு சீராக இருக்கும்.

நீலச்சாயம் (கோயம்புத்தூர்)

சுவரின் நிறத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். ஃபிளானல் என்றவுடன் வெள்ளையைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் வெளிர்சாம்பல் வாங்கச் சொல்வேன்.

பாரிஸ் நகரில் கோப்லென் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று முறையீடு வந்ததாம். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தெரிவதைப் பற்றி அவர் 1839-ல் பெரிய நூலொன்றே வெளியிட்டார். நம் சுவருக்கும் அதே விதிதான். பளிச்சென்ற வெள்ளையின் மேல் வைத்தால் இடைநிறங்கள் எல்லாம் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும், வெளிர் துண்டுகளோ சுவரோடு கரைந்து எல்லை தெரியாமல் போகும். லாக் கேபினின் உயிரே வெளிர்-அடர் வேறுபாட்டில் இருப்பதால், சுவரே அதைக் குழப்பக் கூடாது.

வெள்ளைதான் கிடைக்கிறது என்றால் வெள்ளையையே வாங்குங்கள். அதற்காகச் சாயப்பட்டறை தேடி அலைய வேண்டாம். வெளிர்நீலமும் மஞ்சளும் பொம்மைப் படங்களும் அச்சிட்ட குழந்தைத் துணி ஃபிளானலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பனிக்காலப் போர்வை (ஸ்காபரோ)

எனது சுவர் இருபது வருடமாக வெள்ளை. ஒரு குறையும் கண்டதில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது போலும்.

நீலச்சாயம் (கோயம்புத்தூர்)

பழகிய கண் தானே கழித்துக்கொள்ளும் என்பதை மறுக்கவில்லை அக்கா. முதல் குயில்ட் தைப்பவருக்கு அந்தக் கண் இருக்காதே என்றுதான் சொன்னேன்.

ஓரத்தையல் (புதுச்சேரி)

ஃபிளானலை வாங்கியவுடன் நனைக்க வேண்டுமா, அப்படியே அடிக்கலாமா? சுவரில் அடிப்பதை யாரும் துவைக்கப் போவதில்லை என்பதால் நனைக்காமல் அடித்துவிட்டேன். பிளாக் சரியாக நிற்கவில்லை.

பழைய கத்தரிக்கோல் (திருப்பூர்)

கடைத்துணியில் கஞ்சி இருந்தால் ரோமம் படிந்து கிடக்கும். வெந்நீரில் ஒருமுறை நனைத்து அலசிக் காயவைத்தால் கஞ்சி போய் ரோமம் எழும்பும். துணி சுருங்கும் என்பதால் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுதலாக வாங்குங்கள். மென்மையூட்டும் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள், இழை வழவழப்பாகிவிடும். அடித்துவிட்ட துணியைக் கழற்ற மனமில்லை என்றால், துணி துலக்கும் பிரஷால் கீழிருந்து மேலாக வறட்டுத்தேய்ப்பாகத் தேய்த்துப் பாருங்கள், ஓரளவு பலன் இருக்கும்.

மொட்டைமாடித் தையல் (சென்னை)

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். சுவர் நிற்கிறது.

பேனர் கடையில் ஐந்தடிக்கு ஏழடிச் சட்டம் ஒன்று கிடைத்தது. முதலில் எடுத்துக் காட்டியது முறுக்கிக்கொண்டிருந்தது. ஐயா சொன்னபடி தரையில் படுக்க வைத்ததும் தெரிந்துவிட்டது. கடைக்காரர் சற்று வியப்போடு இரண்டாவதை எடுத்துக் கொடுத்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மின்தூக்கியில் அது நுழையவில்லை, மூன்று மாடியும் படியில்தான் ஏறியது. பதினெட்டு மில்லிமீட்டர் தெர்மாக்கோல் ஆறு தாள் 330 ரூபாய், வெள்ளைப் பசை 60 ரூபாய். சாம்பல்நிற ஃபிளானல் 44 அங்குல அகலத்தில் மீட்டர் 110 ரூபாய்க்குக் கிடைத்தது. சட்டத்தைச் சுற்றி மூன்று அங்குலம் பின்னால் மடிக்க 66-க்கு 90 அங்குலத் துணி வேண்டும். தொண்ணூறு அங்குலத்தில் இரண்டு நீளம் என்றால் நான்கரை மீட்டருக்குச் சற்று மேல். சுருக்கத்தையும் சேர்த்து ஐந்து மீட்டர் வாங்கினேன், 550 ரூபாய். ஆக மொத்தம் 1,040. நிர்ணயித்ததைவிட நாற்பது ரூபாய் கூடிவிட்டது. துணியைச் சட்டத்தில் பின் அடிக்கும் டேக்கரைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கியதால் அது கணக்கில் வரவில்லை.

இரண்டு நீளங்களை இணைத்த தையலை நடுவில் வரவிடாமல், ஒரு முழு அகலமும் மீதியும் என்று ஒரு பக்கமாக ஒதுக்கி, விளிம்பை இருபுறமும் பிரித்துத் தேய்த்துவிட்டேன். தெர்மாக்கோலைச் சட்டத்தின் உள்ளே திணிக்காமல் முன்புறமாக மேலே ஒட்டியதால் மரம் எங்கும் தட்டுப்படவில்லை. சட்டம் 84 அங்குலம், தெர்மாக்கோல் ஏறத்தாழ 79 அங்குலம் என்பதால் அடியில் ஐந்து அங்குலம் வெறும் துணியாக இருக்கிறது. அங்கே ஒரு நீளப் பையைத் தைத்து ஊசிகளையும் அளவுகோலையும் போட்டிருக்கிறேன்.

சட்டத்தின் அடியைச் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வைத்துச் சாய்த்து, மேல் மூலையை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டியிருக்கிறேன். இந்தச் சிறு சாய்வால் பிளாக்குகள் கீழே இழுபடாமல் துணியின் மேல் சற்றே படுத்துக்கொள்கின்றன என்று தோன்றுகிறது. மின்விசிறி ஓடாதபோது 48-ம் ஊசியில்லாமல் நிற்கின்றன. மின்விசிறி ஓடும்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் மேல் விளிம்பில் ஓர் ஊசி குத்த வேண்டியிருக்கிறது. நடு வேகத்தில் ஓர் ஊசி போதும், முழு வேகத்தில் மூலைகள் படபடக்கின்றன.

பின்னால் உள்ள இடைவெளியில் முதல் வாரமே ஒரு பல்லி குடியேறிவிட்டது. அதைப் பற்றியும் யாராவது ஆலோசனை சொல்லலாம்.

கொலுப்படி (மதுரை)

பல்லியை விட்டுவிடுங்கள், அது பூச்சிகளைப் பார்த்துக்கொள்ளும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றுப் போவது ஐப்பசி மழைக்கு நல்லது. ஓதம் ஏறும் சுவரில் ஒட்டி வைத்தால் ஃபிளானல் பூஞ்சை பிடிக்கும்.

எட்டி நின்று பார்க்க இடம் இருக்கிறதா?

மொட்டைமாடித் தையல் (சென்னை)

இல்லை அம்மா, ஏழடிதான் பின்வாங்க முடிகிறது. ஆனால் எதிர்ச்சுவரில் கண்ணாடி வைத்த பீரோ இருக்கிறது. தற்செயலாக ஒருநாள் தலை வாரும்போது கண்ணாடிக்குள் குயில்ட் தெரிந்தது. பார்வை கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வருவதால் தொலைவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, இடவலமும் மாறித் தெரிகிறது. நேரில் பார்த்தபோது கண்ணில் படாத ஒரு தவறு, நான்காம் வரிசையில் ஒரு பிளாக் திரும்பி நிற்பது, கண்ணாடியில் உடனே தெரிந்துவிட்டது.

கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தும் பார்த்தேன். வெளிர்ப் பாதி என்று நினைத்துத் தைத்த ஒரு மஞ்சள் துணி அடர் பாதியோடு ஒன்றாகக் கலந்து நின்றது. அது வந்த மூன்று பிளாக்குகளையும் ஓரத்துக்கு மாற்றிவிட்டேன். இறுதியில் பார்ன் ரெய்சிங் என்று முடிவாகிவிட்டது.

இரட்டை நூல் (பெங்களூரு)

ஒரு கேள்வி. சுவரிலிருந்து எடுத்துத் தையல் இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பிளாக் திரும்பிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? எனக்கு அங்கேதான் எப்போதும் குழப்பம் வருகிறது.

பனிக்காலப் போர்வை (ஸ்காபரோ)

சிறு காகிதத் துண்டில் வரிசைக்கு ஓர் எழுத்தும் பத்திக்கு ஓர் எண்ணும் எழுதி, எல்லாப் பிளாக்குகளுக்கும் இடது மேல் மூலையிலேயே குத்துங்கள். க1, க2 என்று முதல் வரிசை, ங1, ங2 என்று அடுத்தது. காகிதம் இடது மேல் மூலையில் இருக்கும்வரை பிளாக் திரும்பவில்லை என்று பொருள். ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் இறக்கி, தைத்தவுடன் மீண்டும் அதே இடத்தில் மாட்டிவிடுங்கள். எல்லா வரிசைகளையும் ஒன்றாக இறக்கினால் காகிதம் இருந்தும் குழப்பம் வரும்.

மொட்டைமாடித் தையல் (சென்னை)

அப்படியே செய்கிறேன் அக்கா. நேற்றிரவு க வரிசையைத் தைத்து மாட்டியாயிற்று. 57 அங்குலமாக இருந்தது தைத்த பின் ஐம்பத்து நான்கரையாகச் சுருங்கி, கீழே உள்ள ஏழு வரிசைகளை விடக் குறுகலாக, மேலே தனியாகத் தெரிகிறது. இன்று மாலை ங.

பழைய கத்தரிக்கோல் (திருப்பூர்)

தைத்த வரிசை எடை கூடியிருக்கும் அம்மா. ஒரு பிளாக்குக்கு ஓர் ஊசி போதாது, தையல் சேருமிடங்களில் எல்லாம் குத்திவிடுங்கள்.